வளரிளம் பருவ நடத்தைக் கோளாறின் துணைவகைகள்

நடத்தைக் கோளாறு என்பது பிறருடைய அடிப்படை உரிமைகளையோ, தம் வயதுக்குரிய முக்கியமான சமூக விதிகளையோ ஒரு சிறுவர் அல்லது வளரிளம் பருவத்தினர் திரும்பத் திரும்ப மீறிவரும் நிலையைக் குறிக்கும் உளமருத்துவ நோயறிதல் ஆகும். ஒருமுறை நிகழ்ந்த திருட்டோ, சண்டையோ, பள்ளிக்குப் போகாமல் ஊர் சுற்றியதோ நடத்தைக் கோளாறு ஆகாது. நீடித்த காலத்துக்குத் தொடர்வதும், குடும்பம், பள்ளி, நட்பு ஆகியவற்றில் ஒருவருடைய வாழ்வைக் குறிப்பிடத்தக்க அளவு பாதிப்பதும் இந்நோயறிதலுக்கு இன்றியமையாதவை.

இந்த ஒரே பெயரின் கீழ் மிகவும் வேறுபட்ட பிள்ளைகள் அடங்குகின்றனர். ஒரே வகையான குற்றங்களைச் செய்யும் இரண்டு பதினைந்து வயதுச் சிறுவர்களுள் ஒருவர் சில ஆண்டுகளில் தாமாகவே மாறிவிடலாம். மற்றவரின் சிக்கல்கள் நடுவயது வரை தொடரலாம். இவ்விருவரையும் முன்கூட்டியே பிரித்தறிந்து, அவரவர்க்கு ஏற்ற உதவியை அளிக்கும் முயற்சியே துணைவகைப் பிரிப்பு ஆகும். துணைவகை என்பது வாய்ப்பைக் கூறும் ஒரு கணிப்பே அன்றி, ஒரு பிள்ளையைப் பற்றிய முடிந்த முடிவு அன்று.

நோயறிதல் அளவைகள்

அமெரிக்க உளமருத்துவச் சங்கம் வெளியிடும் உளக் கோளாறுகளின் நோயறிதல் மற்றும் புள்ளியியல் கையேடு (சுருக்கமாக டி.எஸ்.எம்.) 15 நடத்தைகளைப் பட்டியலிடுகின்றது. கடந்த 12 மாதங்களில் இவற்றுள் மூன்றேனும், கடந்த 6 மாதங்களில் ஒன்றேனும் காணப்பட வேண்டும். இந்நடத்தைகள் நான்கு தொகுதிகளாக உள்ளன.

- மனிதர் மீதும் விலங்குகள் மீதும் வன்செயல் (7): பிறரை அச்சுறுத்தல், சண்டையைத் தொடங்குதல், கடுங்காயம் விளைவிக்கக்கூடிய ஆயுதத்தைப் பயன்படுத்தல், மனிதரை வதைத்தல், விலங்குகளை வதைத்தல், நேருக்கு நேர் வழிப்பறி செய்தல், பாலியல் வன்முறை.
- உடைமைகளை அழித்தல் (2): சேதம் விளைவிக்கும் நோக்குடன் தீ வைத்தல், வேறு வழிகளில் பிறர் உடைமையை வேண்டுமென்றே அழித்தல்.
- ஏமாற்றுதலும் திருட்டும் (3): பிறருடைய வீடு, கட்டடம் அல்லது வாகனத்தை உடைத்து நுழைதல், ஆதாயத்திற்காகப் பொய் கூறுதல், உரியவரை எதிர்கொள்ளாமல் மதிப்புள்ள பொருட்களைத் திருடுதல்.
- விதிகளைக் கடுமையாக மீறுதல் (3): பெற்றோர் தடுத்தும் இரவில் வெளியே தங்குதல், வீட்டை விட்டு ஓடுதல், அடிக்கடி பள்ளிக்குச் செல்லாதிருத்தல். இவற்றுள் முதலாவதும் மூன்றாவதும் 13 வயதிற்கு முன் தொடங்கியிருந்தால் மட்டுமே கணக்கில் கொள்ளப்படும்.

பதினைந்தில் எந்த மூன்று இருந்தாலும் போதும் என்பதால், ஒரே நோயறிதலைப் பெற்ற இருவருக்கிடையே பொதுவான அறிகுறி ஒன்றுகூட இல்லாதிருக்கலாம். பொய், கடைத் திருட்டு, பள்ளிக்குச் செல்லாமை ஆகியவற்றைக் கொண்ட ஒருவரும், ஆயுதம், வழிப்பறி, தீ வைத்தல் ஆகியவற்றைக் கொண்ட ஒருவரும் ஒரே பெயரைப் பெறுவர். துணைவகைகளின் தேவை இங்கிருந்தே எழுகின்றது.

துணைவகைப் பிரிப்பின் வரலாறு

லெஸ்டர் ஹூவிட், ரிச்சர்ட் ஜென்கின்ஸ் ஆகியோர் 1946 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இத்துறையின் முன்னோடிகளுள் ஒன்று. மிச்சிகனில் உள்ள சிறுவர் வழிகாட்டல் நிறுவனம் ஒன்றின் 500 பதிவேடுகளைப் புள்ளியியல் முறையில் ஆராய்ந்த இவர்கள், யாருடனும் பிணைப்பின்றி வன்செயலில் ஈடுபடும் சிறுவர்களையும், தம் நண்பர் குழுவிற்கு விசுவாசமாக இருந்துகொண்டே குற்றம் புரியும் சிறுவர்களையும் வேறுபடுத்திக் காட்டினர். அச்சமும் ஒதுக்கமும் மிகுந்த பிள்ளைகள் மூன்றாவது வகையினர்.

1968 ஆம் ஆண்டின் இரண்டாம் டி.எஸ்.எம். பதிப்பில் இப்பாகுபாட்டின் தாக்கம் தெரிகின்றது. 1980 ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பு, நடத்தைக் கோளாறு என்னும் பெயரிலேயே இரண்டு கேள்விகளின் அடிப்படையில் நான்கு துணைவகைகளை உருவாக்கியது. முதற் கேள்வி, வன்செயல் உண்டா இல்லையா என்பது. இரண்டாவது, பிறருடன் பிணைப்பு உண்டா இல்லையா என்பது. நீடித்த நட்பு, குற்றவுணர்வு, தனக்கு ஆதாயம் இல்லாதபோதும் பிறருக்கு உதவுதல், நண்பர்களைக் காட்டிக்கொடுக்காமை போன்றவை பிணைப்பின் அடையாளங்களாகக் கொள்ளப்பட்டன.

'சமூகப் பிணைப்பற்ற' என்னும் சொல்லை மருத்துவர்கள் வெவ்வேறு விதமாகப் புரிந்துகொண்டனர். இரக்கமற்றவர் என்று சிலரும், நண்பர்கள் இல்லாதவர் என்று சிலரும் பொருள் கொண்டனர். 1987 ஆம் ஆண்டின் திருத்திய பதிப்பில் இவ்வகைகள் கைவிடப்பட்டு, குழுவாகச் செயற்படுவோர், தனியாக வன்செயலில் ஈடுபடுவோர், இரண்டிலும் அடங்காதோர் என்னும் எளிய பிரிவுகள் இடம்பெற்றன.

1994 ஆம் ஆண்டின் நான்காம் பதிப்பு முற்றிலும் வேறான ஓர் அளவுகோலை முன்வைத்தது. பிள்ளை யாருடன் சேர்ந்து, எவ்வாறு குற்றம் செய்கிறது என்பதற்கு மாறாக, சிக்கல் எந்த வயதில் தொடங்கியது என்பதே அவ்வளவுகோல்.

உலக சுகாதார அமைப்பின் பன்னாட்டு நோய் வகைப்பாட்டின் (ஐ.சி.டி.) பத்தாம் பதிப்பு பழைய பாகுபாட்டையே தொடர்ந்தது. குடும்பத்திற்குள் மட்டும் நிகழும் கோளாறு, சமூகப் பிணைப்பற்றது, சமூகப் பிணைப்புள்ளது ஆகியவை அதில் தனித்தனியே இடம்பெற்றன.

டனீடின் ஆய்வு

தொடக்க வயதை முதன்மைப்படுத்தும் கருத்திற்கு நியூசிலாந்தின் டனீடின் நகரில் நடைபெற்றுவரும் நெடுங்கால ஆய்வு வலுவான அடித்தளமாக அமைந்தது. 1972 ஏப்ரல் முதல் 1973 மார்ச் வரை அந்நகரில் பிறந்த 1,037 குழந்தைகள் மூன்று வயது முதல் குறிப்பிட்ட இடைவெளிகளில் தொடர்ந்து ஆராயப்பட்டு வருகின்றனர்.

அவ்வாய்வில் பணியாற்றிய உளவியலாளர் டெர்ரி மாஃபிட், 1993 ஆம் ஆண்டில் ஒரு முரண்பாட்டிற்கு விளக்கம் அளித்தார். வயதுவந்த சமூக விரோத நடத்தையினருள் பெரும்பாலானோர் சிறுவயதிலும் அவ்வாறே இருந்தனர். எனினும் அத்தகைய சிறுவர்களுள் பெரும்பாலானோர் வளர்ந்தபின் அவ்வாறு இருப்பதில்லை. செயின்ட் லூயிஸ் நகரில் ஒரு சிறுவர் வழிகாட்டல் மருத்துவமனைக்கு வந்திருந்த 524 பேரை ஏறத்தாழ 30 ஆண்டுகளுக்குப் பின் தேடிச் சென்று ஆராய்ந்த லீ ராபின்ஸ், 1966 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலும் இத்தொடர்ச்சி ஆராயப்பட்டது.

வளரிளம் பருவத்தில் இரண்டு வேறு குழுவினர் ஒன்றாகத் தோற்றமளிக்கின்றனர் என்பதே மாஃபிட் அளித்த விடை.

- வாழ்நாள் முழுதும் தொடரும் வகை: மொழித்திறன், தன்னடக்கம், திட்டமிடல் ஆகியவற்றில் நுண்ணிய குறைபாடுகளுடன் குழந்தை வளர்கின்றது. வறுமையோ, வன்முறையோ, பொறுமையிழந்த வளர்ப்போ உள்ள சூழல் அக்குறைபாட்டைப் பெரிதாக்குகின்றது. பெற்றோரின் கடுமை பிள்ளையின் முரட்டுத்தனத்தையும், பிள்ளையின் முரட்டுத்தனம் பெற்றோரின் கடுமையையும் வளர்க்கின்றன.
- வளரிளம் பருவத்தோடு நின்றுவிடும் வகை: உடலால் முதிர்ந்தும், சமூகத்தில் பெரியவர்களுக்குரிய உரிமைகள் கிட்டாத ஓர் இடைவெளியில் பிள்ளைகள் சிக்கிக்கொள்கின்றனர். முதல் வகையினரின் கட்டற்ற நடத்தை இவர்களுக்கு விடுதலை போலத் தோன்றுவதால் அதனைப் பின்பற்றுகின்றனர். வேலை, குடும்பம் ஆகிய பொறுப்புகள் வந்தபின் விட்டுவிடுகின்றனர்.

ஆய்விற்கு உட்பட்டோர் 26 வயதை எட்டியபின் 2002 ஆம் ஆண்டில் வெளியான முடிவுகள் இக்கருத்தைப் பெரிதும் ஆதரித்தன. அதே வேளையில் அதனைத் திருத்தவும் செய்தன. ஆண்களுள் ஏறத்தாழ 10 விழுக்காட்டினர் முதல் வகையிலும், 26 விழுக்காட்டினர் இரண்டாம் வகையிலும் அடங்கினர். வன்குற்றம், போதைப்பொருள் சார்பு, பணி, பணம் ஆகிய பலவற்றிலும் முதல் வகையினரின் நிலையே மோசமாக இருந்தது. ஆயினும் இரண்டாம் வகையினரும் முழுமையாக மீண்டுவிடவில்லை. உளநலச் சிக்கல், போதைச் சார்பு, சொத்துக் குற்றங்கள் ஆகியவை அவர்களிடமும் மற்றவர்களைவிட மிகுந்திருந்தன. போதைக்கு அடிமையாதல், குற்றப்பதிவு, பள்ளியிலிருந்து இடைநிற்றல் ஆகியவற்றை ஒருவரைப் பிடித்து நிறுத்தும் கண்ணிகள் என மாஃபிட் விளக்குகின்றார்.

எதிர்பாராத மூன்றாவது குழுவும் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 8 விழுக்காட்டினர் சிறுவயதில் கடுமையான சிக்கல்களைக் கொண்டிருந்தும் வளரிளம் பருவத்தில் குற்ற வழியில் செல்லவில்லை. ஆனால் 26 வயதில் அவர்களுள் பலர் பதற்றமும் மனச்சோர்வும் தனிமையும் கொண்டவர்களாக இருந்தனர். இளம் வயதில் தொடங்கியது அனைத்தும் வாழ்நாள் முழுதும் தொடரும் என்று கொள்ள முடியாது என்பதற்கு இக்குழு சான்றாகும்.

தற்போதைய துணைவகைகள்

டி.எஸ்.எம். ஐந்தாம் பதிப்பு 2013 ஆம் ஆண்டிலும், அதன் உரைத் திருத்தம் 2022 ஆம் ஆண்டிலும் வெளியாயின. அவற்றின்படி நடத்தைக் கோளாறு மூன்று நிலைகளில் விவரிக்கப்படுகின்றது.

1. தொடக்க வயது: பட்டியலிலுள்ள அறிகுறி ஒன்றேனும் 10 வயதிற்கு முன் காணப்பட்டிருந்தால் சிறுவயதுத் தொடக்க வகை. 10 வயதிற்கு முன் எதுவும் இல்லையெனில் வளரிளம் பருவத் தொடக்க வகை. தீர்மானிக்கப் போதிய தகவல் இல்லையெனில் தொடக்கம் குறிப்பிடப்படாத வகை.

2. குன்றிய சமூகநல உணர்வுகள்: கீழ்க்காணும் நான்கு பண்புகளுள் இரண்டேனும் குறைந்தது 12 மாதங்களாக, ஒன்றுக்கு மேற்பட்ட உறவுகளிலும் சூழல்களிலும் காணப்பட்டால் இக்குறிப்பு சேர்க்கப்படும்.
- செய்த தவறுக்கு வருந்தாமை
- பிறர் துன்பத்தில் இரக்கம் காட்டாமை
- கல்வி, பணி முதலியவற்றில் தம் செயற்பாடு மோசமாக இருப்பதைப் பற்றிக் கவலைப்படாமை
- ஆழமற்ற உணர்ச்சி வெளிப்பாடு

3. தீவிரம்: குறைந்தது, இடைநிலை, கடுமையானது.

இவற்றுள் இரண்டாவது குறிப்பு, அமெரிக்க உளவியலாளர் பால் ஃபிரிக் முதலியோர் இரக்கமற்ற, உணர்ச்சியற்ற பண்புகள் பற்றி நிகழ்த்திய ஆய்வுகளிலிருந்து உருவானது. 1980 ஆம் ஆண்டில் 'சமூகப் பிணைப்பற்ற' என்று அழைக்கப்பட்டு, பின்னர் கைவிடப்பட்ட கருத்தின் ஒரு பகுதி தெளிவான அளவைகளுடன் 2013 ஆம் ஆண்டில் திரும்பி வந்துள்ளது எனலாம். நடத்தைக் கோளாறு உடையோருள் சிறுபான்மையினருக்கே இக்குறிப்பு பொருந்தும்.

2022 சனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த ஐ.சி.டி. பதினோராம் பதிப்பும் பழைய பாகுபாட்டை விட்டு, தொடக்க வயதையும் சமூகநல உணர்வுகளையுமே அடிப்படையாகக் கொண்டுள்ளது. இதனால் இரு முறைகளும் இத்துறையில் முன்னைவிட நெருங்கிவந்துள்ளன.

நோயறியும் முறை

இரத்தப் பரிசோதனையோ மூளை வரைபடமோ இக்கோளாறையும் அதன் துணைவகையையும் உறுதிசெய்ய உதவா. பலரிடமிருந்து பெறும் தகவல்களை ஒப்பிடுவதே முறையாகும். வளரிளம் பருவத்தினரைத் தனியாகவும், பெற்றோரைத் தனியாகவும் சந்தித்தல், ஆசிரியர்களின் கருத்தைப் பெறுதல், பள்ளிப் பதிவுகளைப் பார்த்தல் ஆகியவை இதில் அடங்கும். மறைவாகச் செய்யும் திருட்டைப் பிள்ளை மட்டுமே அறிந்திருக்கலாம். வகுப்பில் நிகழும் அச்சுறுத்தலை ஆசிரியர் அறிந்திருக்கலாம். ஐந்து வயதில் எவ்வாறு இருந்தான் என்பதைப் பெற்றோரே கூற இயலும்.

இராபர்ட் குட்மன் உருவாக்கிய 25 கூற்றுகள் கொண்ட வலிமைகளும் சிரமங்களும் வினாக்கொத்து, தாமஸ் ஆக்கன்பாக் உருவாக்கிய சிறுவர் நடத்தைச் சரிபார்ப்புப் பட்டியல் ஆகியவை முதற்கட்டத் தெரிவிற்குப் பயன்படுகின்றன. உணர்ச்சிப் பண்புகளை அளவிட ஃபிரிக் உருவாக்கிய 24 கூற்றுகள் கொண்ட பட்டியல் உள்ளது. வினாக்கொத்துகள் கவனிக்க வேண்டிய இடத்தைச் சுட்டுவன மட்டுமே. மதிப்பெண்ணை மட்டும் கொண்டு நோயறிதல் செய்யப்படுவதில்லை.

துணைவகையைத் தீர்மானிப்பதில் மிகவும் கடினமான கேள்வி தொடக்க வயதே ஆகும். பதினைந்து வயதுப் பிள்ளையின் ஒன்பது வயது நடத்தையை நினைவிலிருந்தே பெற வேண்டியுள்ளது. டனீடின் ஆய்வில் 18 வயதினர் தம் சிறுவயதைப் பற்றி நினைவுகூர்ந்தவற்றை, அக்காலத்திலேயே எடுக்கப்பட்ட பதிவுகளுடன் ஒப்பிட்டபோது பல செய்திகளில் பொருத்தம் குறைவாகவே இருந்தது. எனவே 'எத்தனை வயதில் தொடங்கியது?' என்று பொதுவாகக் கேட்பதை விட, 'மூன்றாம் வகுப்பில் படிக்கும்போது ஆசிரியர் உங்களை அழைத்துப் பேசியது உண்டா?' என்பது போல, நினைவில் நிற்கும் நிகழ்வுகளை ஒட்டிக் கேட்பது பயன் தரும். பழைய பள்ளி அறிக்கைகள் கிடைப்பின் அவை நினைவை விட நம்பத்தக்கவை.

எடுத்துக்காட்டாக, திருட்டு, சண்டை, பள்ளிக்குச் செல்லாமை ஆகியவற்றிற்காக அழைத்து வரப்படும் இரு பதினைந்து வயதுச் சிறுவர்களைக் கற்பனை செய்யலாம். முதற் சிறுவன் ஏழு வயதிலேயே பிற பிள்ளைகளைக் காயப்படுத்தியுள்ளான். படிப்பதில் சிரமம் இருந்துள்ளது. நெருங்கிய நண்பர் எவரும் இல்லை. இரண்டாமவன் பன்னிரண்டு வயது வரை நன்கு படித்தவன். புதிய நண்பர் குழுவில் சேர்ந்தபின் மாறியவன். குழுவிலிருந்து விலகியிருக்கும் நாட்களில் அமைதியாக இருப்பவன். இன்றைய நடத்தையை மட்டும் பார்ப்பவருக்கு இருவரும் ஒன்றே. கடந்த காலத்தைக் கேட்பவருக்கு இருவருக்கும் வேறு உதவி தேவை என்பது விளங்கும்.

பிரித்தறிய வேண்டிய நிலைகள்

- கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு: சிறுவயதுத் தொடக்க வகையுடன் அடிக்கடி இணைந்து காணப்படும். துடுக்குத்தனம் மட்டும் இருந்து, பிறர் உரிமையை மீறுதல் இல்லையெனில் அது நடத்தைக் கோளாறு அன்று.
- எதிர்ப்பு அடங்காமைக் கோளாறு: பெரியவர்களுடன் வாதிடுதல், எரிச்சல், கீழ்ப்படியாமை ஆகியவை இருக்கும். வன்செயல், திருட்டு, உடைமை அழிப்பு ஆகியவை இரா.
- மனநிலைக் கோளாறுகள்: மனச்சோர்வு வளரிளம் பருவத்தில் சோகமாக அன்றி எரிச்சலாகவும் சண்டையாகவும் வெளிப்படலாம்.
- அதிர்ச்சிக்குப் பிந்தைய நிலைகள்: வன்முறைக்கு ஆளான பிள்ளை உணர்ச்சி மரத்துப்போன தோற்றம் தரலாம். இதனை இரக்கமின்மை எனத் தவறாகக் கொள்ளும் ஆபத்து உண்டு. இத்தகைய பிள்ளைகளிடம் வெளித்தோற்றத்தின் அடியில் மிகுந்த பதற்றம் காணப்படுவதை ஆய்வுகள் சுட்டுகின்றன.

போர்ப் பகுதிகளிலும் குற்றம் மலிந்த இடங்களிலும் வாழும் பிள்ளைகளின் தற்காப்பு நடத்தையை நோயாகக் கருதிவிடக் கூடாது எனவும் டி.எஸ்.எம். எச்சரிக்கின்றது.

சிகிச்சையில் துணைவகையின் பங்கு

பிரித்தானியாவின் நைஸ் நிறுவனம் 2013 ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டல், 3 முதல் 11 வயது வரையுள்ள பிள்ளைகளின் பெற்றோருக்குப் பயிற்சி அளிப்பதையும், 9 முதல் 14 வயதினருக்குச் சிக்கல் தீர்க்கும் திறன்களைக் குழுவாகக் கற்பிப்பதையும், 11 முதல் 17 வயதினருக்குக் குடும்பம், பள்ளி, நண்பர்கள் ஆகிய பல தளங்களில் ஒருங்கே செயற்படும் சிகிச்சையையும் பரிந்துரைக்கின்றது.

நண்பர் குழுவின் தாக்கத்தால் தடம் மாறிய பிள்ளைக்கு, அக்குழுவின் பிடியைத் தளர்த்துவதும், பள்ளியிலிருந்து விலகாமல் காப்பதும் முதன்மையானவை. இத்தகைய பிள்ளைகளை மட்டும் ஒன்றுசேர்த்து நடத்தும் குழுக்களில், அவர்கள் ஒருவரை ஒருவர் ஊக்குவித்து நிலைமை மோசமாவதும் உண்டு என்பதைத் தாமஸ் டிஷியன் முதலியோர் 1999 ஆம் ஆண்டில் சுட்டிக்காட்டினர். இளையோரைச் சிறைக்கு அழைத்துச் சென்று அச்சுறுத்தும் திட்டங்கள் குற்றங்களைக் குறைப்பதற்கு மாறாக அதிகரிக்கின்றன என்பது பல சோதனைகளைத் தொகுத்த ஆய்வுகளின் முடிவு.

இரக்கமற்ற, உணர்ச்சியற்ற பண்புகள் மிகுந்த பிள்ளைகளிடம் தண்டனை குறைந்த பயனையே தருகின்றது. டேவிட் ஹாஸ், மார்க் டாட்ஸ் ஆகியோர் 2005 ஆம் ஆண்டில் ஆத்திரேலியாவில் வெளியிட்ட ஆய்வில், நற்செயலுக்குப் பாராட்டும் பரிசும் அளிக்கும் பகுதி இப்பிள்ளைகளிடமும் பயனளித்தது. தனியே அமர்த்தி ஒழுங்குபடுத்தும் முறை அத்துணைப் பயனளிக்கவில்லை. எனவே இக்குறிப்பு 'இவருக்கு எதுவும் உதவாது' என்று பொருள்படாது. உதவும் வழி வேறு என்றே பொருள்படும்.

விமரிசனங்கள்

- 10 வயது என்னும் எல்லை நடைமுறை வசதிக்காக வகுக்கப்பட்டது. ஒன்பதரை வயதில் தொடங்கியவருக்கும் பத்தரை வயதில் தொடங்கியவருக்கும் இயற்கையான பிளவு ஏதுமில்லை.
- கிரேம் ஃபேர்சைல்ட் முதலியோர் 2013 ஆம் ஆண்டில் செய்த மீளாய்வு, இரு வகைகளுக்கும் இடையேயுள்ள வேறுபாடு வகையில் அன்றி அளவில் இருக்கலாம் என வாதிடுகின்றது. வளரிளம் பருவத் தொடக்க வகையைத் தற்காலிகமானது என்று புறக்கணிப்பது தவறு என்பதும் இதன் கருத்து.
- ஆய்வுகள் பெரும்பாலும் சிறுவர்களை மையமாகக் கொண்டவை. சிறுமியரிடம் சிக்கல் தாமதமாக வெளிப்பட்டாலும், அதன் பின்னணி சிறுவர்களின் சிறுவயதுத் தொடக்க வகையை ஒத்திருக்கலாம் எனப் பெர்சிஃபனி சில்வர்தார்னும் ஃபிரிக்கும் 1999 ஆம் ஆண்டில் முன்மொழிந்தனர். இக்கருத்து தொடர்ந்து விவாதிக்கப்படுகின்றது.
- 'இரக்கமற்றவர்' என்னும் முத்திரை பள்ளியிலும் நீதிமன்றத்திலும் பிள்ளைக்கு எதிராகப் பயன்படலாம். கையேட்டில் 'குன்றிய சமூகநல உணர்வுகள்' என்னும் மென்மையான சொற்றொடர் இடம்பெற்றமை இவ்வச்சத்துடன் தொடர்புடையது.

சட்டமும் நோயறிதலும்

சமூக விரோத ஆளுமைக் கோளாறு என்னும் நோயறிதலை 18 வயது நிரம்பாதவருக்கு அளிக்க டி.எஸ்.எம். இடமளிப்பதில்லை. வயதுவந்தபின் அதனை அளிக்கவும், 15 வயதிற்கு முன் நடத்தைக் கோளாற்றின் சான்று இருந்திருக்க வேண்டும். ஒருவருடைய ஆளுமை முற்றிலும் அமையும் முன் அவரைப் பற்றித் தீர்ப்பு கூறலாகாது என்பதே இவ்விதியின் உட்கருத்து.

ஐக்கிய அமெரிக்காவின் உச்ச நீதிமன்றம் 2005 ஆம் ஆண்டில் ரோப்பர் எதிர் சிம்மன்ஸ் வழக்கில், 18 வயதிற்கு முன் செய்த குற்றத்திற்கு மரண தண்டனை விதிப்பதைத் தடை செய்தது. ஓர் இளையோரின் குற்றம் கடந்துபோகும் முதிர்ச்சியின்மையால் விளைந்ததா, மீளமுடியாத இயல்பால் விளைந்ததா என்பதைப் பிரித்தறிவது வல்லுநர்களுக்கும் கடினம் எனக் கூறிய நீதிமன்றம், மேற்கண்ட உளமருத்துவ விதியையும் சுட்டிக்காட்டியது.

இந்தியாவில் 2015 ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 15 ஆம் பிரிவின்படி, கொடுங்குற்றம் செய்ததாகக் கூறப்படும் 16 வயது நிரம்பியோரைக் குறித்து இளைஞர் நீதிக் குழுமம் முதற்கட்ட மதிப்பீடு செய்கின்றது. அதற்கு உளவியலாளரின் உதவியை அக்குழுமம் பெறலாம். இம்மதிப்பீடு குற்றம் புரிவதற்கான உள, உடல் திறனையும் விளைவுகளை அறியும் ஆற்றலையும் பற்றியது. நடத்தைக் கோளாறு உண்டா என்னும் கேள்வி அன்று. எனினும் ஒரு நோயறிதலின் பெயர் ஒருவருடைய கோப்பில் இருப்பின், அதனைப் படிப்பவர் அதன் பொருளையும் எல்லையையும் அறிந்திருத்தல் தேவையாகும்.

இவற்றையும் பார்க்கவும்

- கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு
- எதிர்ப்பு அடங்காமைக் கோளாறு
- சமூக விரோத ஆளுமைக் கோளாறு
- வளரிளம் பருவம்